ஷூட்டிங்குக்கு வந்த அந்த "எக்ஸிகியூட்டிவ் சார்" உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

வட்டகொடை வேன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. சினிமா வேலை தெரிந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

போன வருடம் ஜூன் மாதம் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒரு சென்னைக் கம்பனி ஷூட்டிங்குக்கு வந்தது. பெயர் வேண்டாம். 12 நாள் வேலை, நான் வேன் ஓட்டினேன். ஆட்களை ஏற்றி இறக்குவது, சாப்பாடு கொண்டு வருவது, அட்டன் டவுனுக்குப் போய் பேட்டரி வாங்கி வருவது, இப்படி. பிரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டும் இடம்) மொத்தம் 14 வேன் நிற்கும். யார் யார் என்று முதல் நாளே பிடிபட்டுவிட்டது. சத்தம் போடுகிறவர் மேனேஜர், சத்தமே போடாமல் முறைக்கிறவர் டைரக்டர்.

அஞ்சாம் நாள் கொழும்பிலிருந்து காரில் ஒருவர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு சின்ன நோட்டு, காலில் வெள்ளைச் சப்பாத்து. எங்கள் ஊர் மழையில் வெள்ளைச் சப்பாத்து எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் "எக்ஸிகியூட்டிவ் சார்" என்றார்கள். அவர் கேமரா பக்கமே அதிகம் போகவில்லை. வேன்களை எண்ணினார். டிரைவர்மாரிடம் வந்து "எத்தனை மணிக்கு வந்தீர்கள், வண்டி எத்தனை மணிக்கு நகர்ந்தது" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். தேயிலைக்குள் நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தார், அட்டை கடித்து சொக்ஸ் முழுக்க ரத்தம், அவருக்குத் தெரியவே இல்லை, நான்தான் போய்ச் சொன்னேன்.

அன்று சாயந்தரம் டைரக்டரும் அவரும் இருபது நிமிடம் தனியாகப் பேசினார்கள். அடுத்த நாள் ரயில் சீன் இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாக ஸ்டோருக்குள்ளே (தேயிலைத் தொழிற்சாலை) ஒரு சீன் எடுத்தார்கள். டைரக்டர் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இவர் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

படம் வந்ததும் ஓடிடியில் கடைசி வரைக்கும் பேர் ஓடவிட்டுப் பார்த்தேன். சமையல்காரர் பேர்கூட இருக்கிறது, அவர் பேர் இல்லை. இவ்வளவு அதிகாரம் உள்ள ஆள் யார்? அவர் வேலைதான் என்ன?

கொட்டகலை குசும்பன்:

பணம் போன வழியைப் பார்க்க வந்தவர். அவ்வளவுதான். அடுத்த கேள்வி.

நோர்வூட் கணக்கன்:

குசும்பன் சொன்னது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன்.

தம்பி, என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் சென்னையில் ஒன்பது வருடம் படக் கம்பனிகளில் கணக்கு எழுதிவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அதனால் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். ஷூட்டிங் ஒரு தோட்டம் என்றால் டைரக்டர்தான் துரை, அதாவது தோட்டத்தை நடத்துகிறவர். புரொடக்ஷன் மேனேஜர் கண்டக்டர் மாதிரி, விடியக்காலையில் பிரட்டில் நின்று யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவர். நீ பார்த்த ஆள் இந்த வரிசையிலேயே இல்லை. அந்தக் காலத்தில் கம்பனி சார்பாக விசிட்டிங் ஏஜன்ட் என்று ஒருவர் வருவார், தாத்தாவைக் கேட்டால் சொல்வார். அவர் வருகிறார் என்றால் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். அவர் கொழுந்து எடுக்க மாட்டார், கவ்வாத்துக் கத்தியைத் தொட மாட்டார், ஆட்களிடம் குரல் உயர்த்தவும் மாட்டார். மலையைச் சுற்றிப் பார்ப்பார், செக்ரோலை, அதாவது ஆட்களின் வேலைப் பதிவை, புரட்டுவார், பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய் ஒரு ரிப்போர்ட் எழுதுவார். அடுத்த வருடத்து உரத்திலிருந்து துரையின் வேலை வரைக்கும் அந்த ரிப்போர்ட்டில்தான் தொங்கும். ஸ்டூடியோ எக்ஸிகியூட்டிவ், அதாவது படக் கம்பனியின் அதிகாரி, அந்த ஆள் மாதிரிதான்.

இதில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று கதைப் பக்கம். இவர்களுடைய வேலை கேமரா வருவதற்கு ஒரு வருடம், ரெண்டு வருடம் முன்னாலேயே தொடங்கிவிடும். ஹாலிவுட்டில் ஒரு கதை வந்தால் எக்ஸிகியூட்டிவ் நேரே படிக்கமாட்டார், முதலில் ஒரு வாசகர் படித்து ரெண்டு மூன்று பக்கத்தில் சுருக்கம் எழுதி, கீழே எடுக்கலாம், யோசிக்கலாம், வேண்டாம் என்று ஒரு தீர்ப்பும் எழுதிக் கொடுப்பார். முக்கால்வாசி வேண்டாம்தான். தப்பி வருவதை எடுத்துக்கொண்டு எழுத்தாளரோடு உட்கார்ந்து "இந்த அண்ணன் பாத்திரம் எதற்கு", "இடைவேளைக்கு முன்னால் தொய்கிறதே" என்று குறிப்புக் கொடுத்துக் கொடுத்துத் திருத்த வைப்பார்கள். அப்புறம் இந்தக் கதைக்கு யார் நடித்தால் எவ்வளவு வரும், எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் போட்டு மேலிடத்தில் வாதாடி பச்சை விளக்கு, அதாவது படம் எடுக்கச் சம்மதம், வாங்குவது. அந்தப் படம் ஓடவில்லை என்றால் எழுத்தாளர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார், சிபாரிசு செய்தவர் நாற்காலிதான் ஆடும்.

நீ பார்த்தது ரெண்டாவது ஜாதி, தயாரிப்புப் பக்கம். ஒருவர் கையில் ஒரே நேரத்தில் மூன்று நாலு படம் இருக்கும், அதனால்தான் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஓடினார். ஆனால் தினமும் ராத்திரி அவருக்கு ஒரு ரிப்போர்ட் போயிருக்கும். முதல் ஷொட் எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எப்போது பெக்கப் என்று எல்லாம் அதில் இருக்கும். ஸ்கிரிப்டின் ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள், இன்றைக்கு ரெண்டு பக்கமும் எட்டில் மூன்றும் எடுத்தோம் என்று எழுதுவார்கள். தராசில் கொழுந்து நிறுக்கிற மாதிரிதான். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் என்று திட்டம் போட்டுவிட்டு நாலு நாளாக ஒன்றேகால் ஒன்றேகால் என்று வந்தால் அஞ்சாம் நாள் அவர் வராமல் என்ன செய்வார்?

பேர் விஷயம். நம் ஊரில் ஒரு நாள் கூலிக்கே "பேர்" என்றுதானே சொல்கிறோம், நிறை குறைந்தால் அரைப்பேர். இவர்களுக்குச் சம்பளத்தில் முழுப்பேர், திரையில் அரைப்பேர்கூடக் கிடையாது. கம்பனி ஊழியர், மாதச் சம்பளம், கம்பனியின் சின்னம்தான் அவர் பேர். எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் என்று திரையில் வருகிறவர் வேறு, குழப்பிக்கொள்ளாதே. அது பணம் கொண்டுவந்தவராகவும் இருக்கலாம், ஹீரோவின் மச்சானாகவும் இருக்கலாம். இந்தப் பேர் போடாத பழக்கத்துக்குப் பெரிய ஆள் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இருந்த இர்விங் தால்பெர்க். 20 வயதில் யூனிவர்சல் ஸ்டூடியோவை நடத்தியவர், 1924இல் எம்.ஜி.எம். வந்தார், 1936இல் 37 வயதில் செத்துப்போகும் வரைக்கும் தான் பார்த்துப் பார்த்துச் செய்த படங்களில் தன் பேரைப் போட விடவில்லை. செத்த பிறகு, 1937இல் வந்த ஒரு படத்தை அவருக்குச் சமர்ப்பணம் என்று போட்டபோதுதான் பேர் திரையில் வந்தது. ஒஸ்கார் கொடுக்கிற அகாடமி அவர் பேரிலேயே ஒரு விருது வைத்திருக்கிறது.

லிந்துலை ராஜா:

கணக்கன் அண்ணா ரொம்ப மரியாதையாகச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. மலையகத்துக்கு வந்து ரயில் சீனை வெட்டிவிட்டு ஸ்டோருக்குள்ளே எடுப்பதற்கு எதற்கு வட்டகொடை வரைக்கும் வரவேண்டும்? சென்னையிலேயே ஒரு கொட்டகையில் எடுக்கலாமே. ரசனை உள்ளவன் கனவு காண்பான், இவர்கள் வந்து வேனை எண்ணுவார்கள். 1922இலேயே உங்கள் தால்பெர்க், எரிக் வொன் ஸ்ட்ரோஹைம் என்ற பெரிய இயக்குநரைப் படம் பாதியில் இருக்கும்போதே வேலையை விட்டு நிறுத்தியவர்தான். அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

நோர்வூட் கணக்கன்:

ராஜா, நிறுத்தினார், உண்மை. மறைக்கவில்லை, மறந்தேன். ஆனால் யாருமே நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கம்பனி, 1919இல் சாப்ளின் உள்பட நாலு கலைஞர்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கே மைக்கேல் சிமினோவின் "ஹெவன்ஸ் கேட்" சுமார் 1 கோடி 10 லட்சம் டாலருக்கு என்று தொடங்கி 4 கோடியைத் தாண்டிப் போனது. இயக்குநர் அப்போதுதான் ஒஸ்கார் வாங்கியவர், அங்கே இருந்த எக்ஸிகியூட்டிவ்கள் வேண்டாம் என்று சொல்லத் தயங்கினார்கள். படம் 1980இல் வந்து விழுந்தது. 1981இல் கம்பனியையே எம்.ஜி.எம்.முக்கு விற்றார்கள். ஒரு படம் போனதோடு முடியவில்லை, அந்தக் கம்பனி எடுத்திருக்கக்கூடிய மற்றவர்களின் படமும் போனது. வேன் எண்ணுகிறவன் அதற்குத்தான் எண்ணுகிறான்.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இந்தப் பதவிக்குத் தனி ஆள் கிடையாது, முதலாளியே எண்ணுவார். ஜெமினி வாசன், ஏ.வி.எம். செட்டியார், சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எல்லாரும் பணமும் போட்டு, கதையும் கேட்டு, எடுத்ததையும் பார்த்துத் திருத்தச் சொன்னவர்கள். சம்பளத்துக்கு எக்ஸிகியூட்டிவ் வைப்பதெல்லாம் கார்ப்பரேட் கம்பனிகள் வந்த பிறகு பெருகியது.

பத்தனை பழசு:

பிள்ளைகளா, நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தட்டச்சு செய்வது பேரன்.

இந்த மலைகளுக்கு ஸ்டூடியோக்காரர்கள் வருவது இன்று நேற்று இல்லை. 1953 தொடக்கத்தில் பரமவுண்ட் கம்பனி "எலிஃபன்ட் வோக்" என்று ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை கதையை எடுக்க இலங்கைக்கு வந்தது. கதாநாயகி விவியன் லீ. இங்கே வெளிப்புறக் காட்சிகள் எடுத்த பிறகு அந்த அம்மாவுக்கு மனநிலை ரொம்ப மோசமாகி மேற்கொண்டு நடிக்க முடியாமல் போய்விட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள். கப்பலும் பிளேனும் ஏறி இலங்கை வரைக்கும் வந்து எடுத்த ஃபிலிம் பெட்டியில் கிடக்கிறது, நாயகி இல்லை. படத்தைக் கைவிடுவதா, திரும்ப எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவதா? எலிசபெத் டெய்லர் அப்போது எம்.ஜி.எம். ஒப்பந்தத்தில் இருந்தார், ஒரு ஸ்டூடியோ நடிகையை இன்னொரு ஸ்டூடியோ இரவல் வாங்குவது அந்தக் காலத்து வழக்கம். அவரை இரவல் வாங்கி மீதியை எடுத்து 1954இல் வெளியிட்டார்கள். தூரத்தில் தெரியும் சில காட்சிகளில் இருப்பது இன்னமும் விவியன் லீதான். இரவல் வாங்கு, தூரக் காட்சியை வைத்துக்கொள், கிட்டக் காட்சியைத் திரும்ப எடு என்ற முடிவெல்லாம் டைரக்டர் ஒருவர் கையில் மட்டும் இருக்குமா? போன் அடித்து, வக்கீலை வைத்து, காசு எண்ணி முடித்தவர்கள் பேர் நமக்குத் தெரியாது.

கித்துல்கலைப் பாலம் உங்களுக்கெல்லாம் தெரியும். அட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது கினிகத்தேனை இறக்கம் முடிந்து வரும் ஊர். "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்" படத்துக்காக அங்கே ஆற்றின் மேல் நிஜப் பாலம் கட்டி, அதன் மேல் நிஜ ரயிலை ஓடவிட்டு, 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்கவே பார்க்க வந்திருந்தார். ஒரு கேமராக்காரர் பத்திரமாக ஒதுங்கிவிட்டேன் என்று சைகை காட்டாததால் முதல் தடவை வெடிக்கவில்லை, ரயில் பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் தடம் புரண்டது. திரும்ப தூக்கி நிறுத்தித்தான் பிறகு வெடித்தார்கள். பாலம் ஒன்றுதான், தப்பினால் இன்னொரு பாலம் கிடையாது. பணம் கொலம்பியா ஸ்டூடியோவுடையது, தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல். 7 ஒஸ்கார் கிடைத்தது, சிறந்த படத்துக்கானதை வாங்கியவர் ஸ்பீகல்.

பேர் பற்றிப் பேசினீர்களே, அதே படத்தில் இன்னொரு கொடுமை. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட்டில் ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தவர்கள். பேர் போட்டால் வில்லங்கம் என்று மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல் பேரைப் போட்டார்கள், ஒஸ்காரும் அவருக்கே போனது. 1984இல்தான் திருத்தினார்கள், விருது கைக்கு வரும்போது ரெண்டு பேரும் உயிரோடு இல்லை. யார் பேர் திரையில் வரலாம் என்பதும் ஆபீஸ் அறையில் முடிவாகிற விஷயம்தான்.

வட்டகொடை வேன்காரன்:

ஐயா, கணக்கன் அண்ணா, ரொம்ப நன்றி. பாலம் பற்றித் தெரியும், விவியன் லீ கதை எனக்குப் புதுசு. பேரனுக்கும் நன்றி.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைசி நாலு நாள் வேன் காசு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவும் நாலு பேர் மாறி மாறிப் போன் எடுத்த பிறகு. அந்த எக்ஸிகியூட்டிவ் சார் செலவைக் குறைத்தார் என்றால் எங்கள் காசில்தான் குறைத்தாரா என்று அப்போது கோபம் வந்தது. இன்னொன்று, ரயில் சீனை ஏன் வெட்டினார்கள் என்று இன்னமும் விளங்கவில்லை. சிரிக்காதீர்கள், எனக்கு இந்த வேலையில் நுழையவும் ஆசை இருக்கிறது.

ஊவாக்காரி:

நான் பண்டாரவளை. வெளிநாட்டிலிருந்து வருகிற யூனிட்டுகளுக்கு இங்கே ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ரயில் சீன் ஏன் போனது என்று உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது தம்பி. ஜூன் மாதம். தென்மேல் பருவம் உங்கள் பக்கத்து மலையில் நேராக வந்து மோதுகிற மாதம், விடியக்காலை நாலு மணிக்குத் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் தூறும். அதே நாட்களில் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருக்கும், அந்தக் காற்றுக்குத்தான் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் ஊவாத் தேயிலைக்கு அவ்வளவு வாசனை. உங்கள் திம்புளைப் பக்கத்துக்கு நல்ல காலம் ஜனவரி தொடங்கி மார்ச் வரைக்கும். ஐயா சொன்ன ரெண்டு படத்தையும் பாருங்கள், ஒன்று வருடத் தொடக்கத்தில், இன்னொன்று மார்ச்சில் பாலம் உடைத்தது. தெரிந்துதான் வந்திருக்கிறார்கள்.

உங்கள் கம்பனி ஜூனில் ஏன் வந்தது என்றால் ஹீரோவின் கால்ஷீட் அப்போதுதான் கிடைத்திருக்கும். அது போகட்டும். ரயில் சீனுக்கு ரயில்வே திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும், உங்களுக்குக் கொடுக்கிற நேரம் அவர்கள் வைத்ததுதான். அந்த ரெண்டு மணி நேரத்தில் மழை பெய்தால் காசும் போனது, நாளும் போனது. அதற்காகத்தான் மழைக்கு ஒதுங்க என்று கூரைக்குக் கீழே எடுக்கிற சீன் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார்கள். ஸ்டோர் சீன் அதுதான். அவர் செய்தது சரியான வேலை என்றுதான் நான் சொல்வேன், லிந்துலைத் தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி. தப்பு ஜூனில் வந்ததில், அதைச் சென்னையிலேயே யாராவது எக்ஸிகியூட்டிவ் தடுத்திருக்க வேண்டும்.

இடம் மாற்றுவதும் இவர்கள் வேலையில் பெரிய பங்கு. 1984இல் வந்த "இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்" கதை நடப்பது இந்தியாவில். இந்திய அரசு ஸ்கிரிப்டை மாற்றச் சொன்னதால் கண்டிக்கு வந்தார்கள். அந்தத் தொங்குபாலத்தை விக்டோரியா அணைக்கட்டுப் பக்கத்தில் கட்டினார்கள், அணை வேலைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் பொறியியல் கம்பனிதான் கட்டிக் கொடுத்தது. எதிரே எஞ்சினியர் இருக்கும்போது லண்டனிலிருந்து எதற்குக் கூட்டி வர வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள்.

காசு பற்றி: மூன்று மாதம் இழுத்தடித்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அது பெரும்பாலும் இங்கே நடுவில் நிற்கிற ஆள் செய்கிற வேலை, மேலே எழுதிய கணக்கில் உங்களுக்குக் காசு கொடுத்தாயிற்று என்றுகூட இருந்திருக்கலாம். அடுத்த முறை தினமும் மைலேஜ் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். தாள் இருந்தால் வாயடிக்க வேண்டியதில்லை.

வேலைக்கு வர ஆசை என்றால் நேரே எக்ஸிகியூட்டிவ் ஆக முடியாது. உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். எந்தத் தோட்டத்துப் பங்களா வாடகைக்குக் கிடைக்கும், எந்த வளைவில் ஜெனரேட்டர் லொறி திரும்பாது, எத்தனை மணிக்குப் பனி இறங்கும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், இதெல்லாம் சென்னைக்காரருக்குத் தெரியாது. லொக்கேஷன் உதவியாளராக நாலு படம் செய்தால் ஐந்தாவது படத்தில் பட்ஜெட் தாளைக் கையில் கொடுப்பார்கள்.

லிந்துலை ராஜா:

அக்கா, கோபமெல்லாம் இல்லை. ஜூன் என்பதைக் கவனிக்கவே இல்லை, எங்கள் வீட்டுக் கூரையே ஒழுகிக்கொண்டிருந்த மாதம். ஆனாலும் அந்த டைரக்டருக்காகக் கொஞ்சம் கவலைதான்.

நோர்வூட் கணக்கன்:

ஊவாக்காரி தங்கச்சி சொன்ன கடைசி விஷயம் தங்கம். தம்பி, ஒரு பரீட்சை வைக்கிறேன், நீ இந்த வேலைக்குச் சரிப்படுவாயா என்று பார்ப்போம். அன்றைக்கு நின்ற 14 வேனில் உண்மையில் எத்தனை தேவைப்பட்டது? தொழிற்சங்கத்துப் பதில் வேண்டாம், மனசுக்குத் தெரிந்த பதிலைச் சொல்.

வட்டகொடை வேன்காரன்:

ஒன்பது போதும் அண்ணா. நடிகர்களுக்கு மூன்று, சாமானுக்கு ரெண்டு, ஆட்களுக்கு மூன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. மீதி அஞ்சும் சும்மா நின்றதுதான்.

முதலில் எழுத வெட்கமாக இருந்தது. அவர் வந்த அன்று என் வேன் காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் நகரவே இல்லை. நான் பின் சீட்டில் போர்த்திக்கொண்டு நல்ல தூக்கம். அவர் கண்ணாடியைத் தட்டி என்னை எழுப்பித்தான் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.